அம்மாவின் முறை

அப்பா அம்மாவின் கன்னத்தில் சோப்பு நுரை தடவிச் சவரம் செய்துகொண்டிருந்தபோது எதிர்வீட்டு விக்டோரியா டீச்சர் உள்ளே வந்துவிட்டார். டீச்சரே பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பாவுக்குக் காலையில் எழுந்ததும் சவரம் செய்தாக வேண்டும். அது யாருடைய கன்னம் என்பதெல்லாம் அவருடைய கைப்பழக்கத்துக்குத் தெரியாது. டீச்சர் பார்த்தும் பார்க்காதவர்போலக் கொத்தமல்லிக் கட்டை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். அவரும் அன்றைக்குத் தன் மூத்த மகனின் உடம்பில், தடித்த மீசையோடுதான் வந்திருந்தார். அடுத்த வீட்டைக் குறை சொல்லும் நிலையில் எங்கள் தெருவில் யாருமே இல்லை.

அந்த வருடக் கத்திரி வெயிலுக்கு அரசாங்கம் கொண்டுவந்த திட்டம் அது. பெயர் 'ஒரு வீடு, ஓர் உடல்'. ஐந்து உடம்பு நடமாடினால் ஐந்து பேர் தண்ணீர், ஐந்து பேர் மின்விசிறி. ஓர் உடம்பு மட்டும் நடமாடட்டும், மற்றவை குளிரில் படுத்திருக்கட்டும் என்று யாரோ குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். திருச்சியில் வாழைத்தார் அடுக்கிவைத்திருந்த கிடங்குகளைக் காலி செய்து எங்களை அடுக்கினார்கள். உடம்புதான் அங்கே. மனசு ஐந்தையும் எடுத்து வீட்டில் இருக்கும் ஒரே உடம்புக்குள் போட்டுவிடுவார்கள். அதில் யார் எப்போது இருப்பது என்று பார்த்துக்கொள்ளக் காதுக்குப் பின்னால் ஒரு சின்ன மிஷின். அரசாணையில் அதற்கு உடல் இயங்குதளம் என்று பெயர். ஊரில் அதைக் கண்டக்டர் என்றார்கள். விசில் ஊதி ஒருவரை இறக்கிவிட்டு இன்னொருவரை ஏற்றுவதுதான் அதற்கு வேலை. இறங்கியவருக்கு மறுபடி ஏறும்வரை ஒன்றும் தெரியாது.

எந்த உடம்பை வெளியே வைத்துக்கொள்வது என்று எங்கள் வீட்டில் ஒரு கூட்டம் நடந்தது. அப்பா சிங்காரவேலு, ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர். ஊரையே ஓடவைத்தவர், தனக்கு ரத்தக் கொதிப்பு என்றார். தம்பி இளவழகன் பரீட்சைக்குப் படிக்கிறவன், தன் உடம்பை யாரும் தொடக்கூடாது என்றான். என் வீட்டுக்காரர் தேவநாதன் எங்கள் வீட்டோடு மாப்பிள்ளை. டைல்ஸ் கடையில் விற்பனை மேலாளர். மாப்பிள்ளையிடம் அதையெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள். என்னுடையதை நான் தருவதாகச் சொன்னேன். எனக்கு வீசிங் உண்டு என்று தள்ளிவிட்டார்கள். கடைசியில் அம்மாவின் உடம்பு என்று முடிவாயிற்று. கொஞ்சமாகச் சாப்பிடும், வேலைக்குப் பழகியது என்று அப்பா காரணம் சொன்னார். அம்மா அப்போது அடுக்களையில் இருந்தாள். எதுவாக இருந்தால் என்ன என்று அங்கிருந்தே சொன்னாள்.

மிஷின் பொருத்த வந்தவர், யாருக்கு முதல் உரிமை என்று வரிசை கேட்டார். மாப்பிள்ளை, பிறகு தான், பிறகு பையன், பிறகு பெண், கடைசியில் வடிவாம்பாள் என்று அப்பா மூச்சு விடாமல் சொன்னார். யோசிக்க ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் இலை போடும் வரிசையே அதுதான்.

முதல் வாரம் கூத்தாக இருந்தது. இறக்கிவிடும்போது எந்த இடத்தில் விட்டோமோ, ஏற்றும்போது அந்த இடத்திலிருந்தே மனசு தொடரும். அப்பா பால்காரரிடம், "தண்ணிய ஊத்தி ஏமாத்துறதுக்கு உனக்கு" என்று ஆரம்பித்தபோது விசில் ஊதிவிட்டது. அவர் மறுபடி ஏறியபோது உடம்பு வயலூர் முருகன் கோவிலில் நின்றுகொண்டிருந்தது. "வெக்கமா இல்லையாய்யா" என்று மீதியைக் குருக்களைப் பார்த்து முடித்தார். தேவநாதன் அம்மாவின் உடம்பில், அம்மாவின் நூல்சேலையில் கடைக்குப் போய் வழவழப்பான டைல்ஸ் விற்றார். அந்த மாதம் அவருக்கு விற்பனை கூடியது. பெண்கள் நம்பி வாங்கினார்களாம்.

எல்லோருக்கும் ஒரே புகார், முட்டி வலி. இடது முட்டியில் இரண்டு படி ஏறினால் உயிர் போனது. இப்படி ஒரு உடம்பையா நம் தலையில் கட்டினார்கள் என்று தம்பி பிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டினான். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாததால் எங்கள் பேச்செல்லாம் அந்தக் கதவில்தான். எத்தனை வருடமாக அம்மா இந்தக் காலோடு மொட்டைமாடிக்கு வற்றல் காயப்போட ஏறினாள் என்று நான் கேட்டு எழுதினேன். அதற்குக் கீழே அப்பா பால் கணக்கை எழுதிவைத்தார்.

வீட்டு வேலை எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். அதுதான் வேடிக்கை. அந்தக் கை தானாகவே செய்தது. நான் ஆபீஸ் கணக்கை நினைத்துக்கொண்டு நிற்பேன், கை வெங்காயம் அரிந்துகொண்டிருக்கும். தேவநாதன் போனில் பேசியபடியே தோசை வார்த்திருக்கிறார், வாழ்க்கையில் முதல்முறையாக. ஆகவே வீட்டில் யாரோ ஒருத்தி இல்லை என்பது எங்களுக்குத் தெரியவே இல்லை. அம்மா நடுநடுவே வந்து போகிறாள் என்றுதான் ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டோம்.

திட்டத்தில் சேர்ந்த வீடுகள் வாரம் ஒருமுறை வார்டு அலுவலக மாடியில் இயங்குதள அடிப்படை வகுப்புக்குப் போக வேண்டும். போகாவிட்டால் மிஷினைப் பிடுங்கிவிடுவார்கள். வகுப்பு எடுத்தவள் ஷர்மிளா பானு, என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். பாவம், பாடம் நடத்தும்போதே எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் மாறிக்கொண்டிருப்பார்கள். ஏறியவுடன் கையைத் தூக்கி இன்னார் வந்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். கேள்வி கேட்டவர் இறங்கிவிடுவார், பதிலை வேறொருவர் வாங்கிக்கொள்வார். முன்வரிசையில் ஒரு கைக்குழந்தைக்கு முறை வந்து, ஐம்பது வயது மனிதர் ஒருவர் வீறிட்டு அழுததும் உண்டு.

இருந்தாலும் அவள் நன்றாகத்தான் நடத்தினாள். முட்டுக்கட்டை என்றால் என்ன என்று கேட்டால், இரண்டு சம்பந்திகளைச் சொன்னாள். அவர் முதலில் வந்து அழைக்கட்டும் என்று இவர் உட்கார்ந்திருக்கிறார், இவர் வரட்டும் என்று அவர். இரண்டு பேரும் முறைப்படிதான் நடக்கிறார்கள், கல்யாணம் மட்டும் நடக்காது. வகுப்பே சிரித்தது. ஒவ்வொருவர் வீட்டிலும் அப்படி ஒரு கல்யாணம் நின்றிருக்கும்போல.

அன்று வகுப்பு முடிந்ததும் என்னை இருக்கச் சொன்னாள். என் காதுக்குப் பின்னால், அதாவது அம்மாவின் காதுக்குப் பின்னால், ஒரு கருவியை வைத்துப் பார்த்தாள். முகம் மாறியது.

"அக்கா, உங்க வீட்ல வடிவாம்பாள்ங்கிறது யாரு?"

"எங்கம்மா. அவங்க உடம்புதான் இது."

"அவங்களுக்கு வேலை எதுவும் இல்லைன்னு மிஷின் முடிவு பண்ணிடுச்சு. வேலை இல்லாதவங்களை ஞாயித்துக்கிழமை சுத்தம் பண்ணும்போது அழிச்சிடும்."

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் அம்மாவுக்கு வேலை இல்லையாம். பிறகு அவள் சொன்னதன் மற்ற பாதி உறைத்தது. அழிந்தபின் திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்டேன். முடியாது என்று தலையசைத்தாள். என் கை காதுக்குப் பின்னால் மிஷினைத் தேடிப் போனது. அம்மாவின் வளையல்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன.

வரிசையில் கடைசியில் வைத்ததால் வந்த வினை, முறையே கிடைக்காமல் போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். அப்படி இல்லை என்றாள். காத்திருக்கக் காத்திருக்க உரிமை தானாக ஏறும், அதனால் எவ்வளவு பின்னால் இருந்தாலும் ஒருநாள் முறை வந்தே தீரும், இந்தப் பாடத்தைப் போன வாரம்தான் நடத்தினேன், உங்கள் வீட்டிலிருந்து உங்கள் தம்பி கேட்டுக்கொண்டிருந்தார் என்றாள். அம்மாவுக்கு முறை வந்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் வந்திருக்கிறது. ஏறியவுடனே அவளாக இறங்கியிருக்கிறாள்.

"விட்டுக் குடுக்கிறதுக்கு மிஷின்ல வழி இருக்குக்கா. எனக்கு இப்ப வேணாம், அடுத்த ஆளை ஏத்துன்னு மனசுல நினைச்சாப் போதும். உங்கம்மா கண்ணைத் திறக்கிறாங்க, விட்டுக் குடுத்துடுறாங்க. தும்மல் போடுற நேரம்கூட இருக்கிறதில்ல. மிஷினைப் பொறுத்தவரை, அவங்க சும்மா இருக்கிறவங்க."

மனுக் கொடுத்தால் நிறுத்தலாமா என்றேன். கொடுக்கலாம், சம்பந்தப்பட்டவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். அம்மா வருவதற்குத்தான் மனு, மனுவுக்கு அம்மா வர வேண்டும். இரண்டு சம்பந்திகளும் எனக்கு நினைவுக்கு வந்தார்கள். இந்தமுறை சிரிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து பிரிட்ஜ் கதவில் பெரிய எழுத்தில், ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அழிக்கப் போகிறார்கள் என்று எழுதி, எல்லா விவரமும் கீழே எழுதினேன். அடுத்தமுறை நான் ஏறியபோது பதில்கள் இருந்தன. எத்தனை மணிக்கு என்று தம்பி கேட்டிருந்தான். அம்மாவை முதலிடத்துக்கு மாற்றத் தனக்கு ஆட்சேபம் இல்லை, காலை நேரம் மட்டும் தன்னிடமே இருந்தால் கடைக்கு வசதி என்று தேவநாதன் எழுதியிருந்தார். அந்த மனிதரோடு நான் ஒரே உடம்பில் இருந்தேன், அறையக்கூட வழியில்லை. அப்பா நேராக ஷர்மிளா வீட்டுக்குப் போய்விட்டிருக்கிறார். அவள் பிறகு என்னிடம் சொன்னாள்.

"உங்கப்பா வந்து உக்காந்து அழுதாருக்கா. உங்கம்மா முகத்துல அவர் அழுறதைப் பாக்க முடியலை. அந்த முகத்துக்கு அழுது பழக்கமே இல்லை போல."

வரிசையை மாற்றினோம். அம்மா முதலில், மாப்பிள்ளை கடைசியில். மாப்பிள்ளையைக் கீழே இறக்கியது வெளியே தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று அப்பா தயங்கியது உண்மை. ஆனால் செய்தார். ஷர்மிளாவை எங்கள் வீட்டிலேயே உட்காரவைத்து, அம்மா ஏறினால் பேசி நிறுத்தச் சொன்னோம். என் முறை வந்தபோது அவள் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"வந்தாங்க. சுத்திப் பார்த்தாங்க. நான் அம்மான்னு கூப்பிடுறதுக்குள்ள, 'எல்லாரும் சாப்பிட்டாங்களா'ன்னு கேட்டாங்க. நான் சாப்பிட்டாங்கன்னு சொல்லிட்டேன். போயிட்டாங்க. இல்லைன்னு சொல்லியிருக்கணும்."

சொல்லியிருந்தால், அவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று இன்னும் சீக்கிரம் இறங்கியிருப்பாள் என்றேன். சனிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. முதலிடம் கொடுத்தாலும் இறங்குகிறவளை என்ன செய்வது? அவள் வேண்டாம் என்று இறங்கவில்லை, பின்னால் நாலு பேர் நிற்கிறார்களே என்று இறங்குகிறாள். அப்படியானால் பின்னால் யாருமே நிற்காவிட்டால்? இதை நான் கேட்டதும் ஷர்மிளா எழுந்து நின்றுவிட்டாள்.

"வரிசை காலியா இருந்தா விட்டுக் குடுக்க ஆள் கிடையாது. மிஷின் அவங்களைத்தான் திரும்பத் திரும்ப ஏத்தும். வேற வழியில்லாம இருந்தாகணும்."

நாங்கள் நாலு பேரும் ஒரே சமயத்தில் வரிசையை விட்டு விலகிப் படுக்க வேண்டும். அதற்கும் ஒரு வழி உண்டாம். இன்னது நடக்கும்வரை என்னை எழுப்பாதே என்று மிஷினிடம் சொல்லிவிடலாம். அது நடந்ததும் தானாக எழுப்பிவிடும். ஆனால் எதற்குக் காத்திருக்கிறோமோ அது கட்டாயம் நடக்கிற விஷயமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாங்கள் அப்படியே கிடக்க வேண்டியதுதான் என்று ஷர்மிளா பயமுறுத்தினாள். இதைக் கதவில் எழுதிவைத்தேன். அப்பாதான் வழி சொன்னார். காலையில் எழுந்ததும் வடிவு செய்யும் முதல் வேலை காபி, கல்யாணமான மறுநாளிலிருந்து ஒருநாள் தவறியதில்லை, ஆகவே காபியின் ருசி அவள் நாக்கில் படும்வரை என்று வைத்துவிடலாம் என்று எழுதியிருந்தார். கீழே தம்பியும் தேவநாதனும் சரி என்று எழுதியிருந்தார்கள். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஷர்மிளாவுக்கும் திருப்தி. காபி போட்டுக் குடிக்கிற நேரம் போதும், அம்மா பெயருக்கு நேரே வேலை என்று ஒன்று பதிந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை தப்பித்துவிடுவாள் என்றாள். அம்மா எழும்போது அருகில் இருந்து எல்லாவற்றையும் எடுத்துச் சொல்வதாகவும் ஒத்துக்கொண்டாள்.

ஒவ்வொருவராக இறங்கினோம். நான்தான் கடைசி. கண்ணாடியில் அம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். காபி போடு அம்மா என்று சொல்லிக்கொண்டே கண்ணை மூடினேன்.

கண்ணைத் திறந்தபோது வாழைப்பழ வாசனை அடித்தது. குளிர் எலும்புக்குள் இருந்தது. கையைத் தூக்கிப் பார்த்தேன், என் கை. பக்கத்துப் பலகையில் அப்பா, அப்பாவாகவே எழுந்து உட்கார்ந்து இருமினார். கிடங்கின் கதவு திறந்திருந்தது, வெளியே மழை. எதிரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாள் நான் உள்ளேயிருந்து கண்ணாடியில் பார்த்த அதே முகம். இப்போது அதில் அம்மா இருந்தாள்.  அவளைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதேன். அவள் என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

அழுது முடித்தபிறகுதான் மழையைப் பற்றிக் கேட்டேன். ஆடிப்பெருக்கும் முடிந்துவிட்டது, காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது, திட்டத்தை எடுத்துவிட்டார்கள், மனசையெல்லாம் அவரவர் உடம்பில் திருப்பிப் போடுகிறார்கள் என்று கிடங்கு ஊழியர் சொன்னார். நாங்கள் படுத்தது வைகாசியில். காபி போடப் பத்து நிமிடம் ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தோம். தம்பியின் பரீட்சை முடிந்து தாள் திருத்தியும் ஆகியிருந்தது. டைல்ஸ் கடையில் தேவநாதனின் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். மிஷின் கெட்டுப்போயிருக்கும், அரசாங்கத்தின்மேல் வழக்குப் போட வேண்டும் என்று வழிநெடுக அப்பா கத்திக்கொண்டு வந்தார். அம்மா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கும்போது கவனித்தேன், அவள் நொண்டவில்லை.

வீட்டில் அடுக்களைக்குள் ஒரு நாற்காலி கிடந்தது. எங்கள் அடுக்களையில் நாற்காலி இருந்ததே இல்லை. அம்மா போய் அதில் உட்கார்ந்தாள். நான் அரிசி டின்மேல் உட்கார்ந்தேன். முட்டிக்கு ஊசி போட்டுக்கொண்டதையும், ஷர்மிளாவின் வகுப்புக்கு ஒருவாரம் விடாமல் போனதையும் சொன்னாள். ஒரே ஆளாக உட்கார்ந்து பாடத்தை முழுசாகக் கேட்டது மொத்த வகுப்பில் அவள் ஒருத்திதானாம். வாரத்துக்கு ஒருநாள் கிடங்குக்கும் வந்து எங்களைப் பார்த்திருக்கிறாள். அப்பாவுக்குப் போர்வை விலகியிருந்ததாம், இழுத்துவிட்டிருக்கிறாள்.

கேட்கவேண்டாம் என்றுதான் நினைத்தேன். வாய் கேட்டுவிட்டது.

"காபி குடிச்சா நாங்க எழுந்துருவோம்னு உனக்குத் தெரியாதாம்மா?"

"தெரியும். ஷர்மிளா முதல் நாளே சொல்லிடுச்சு."

 அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"டிகாஷன் போட்டேன். பாலைக்கூட அடுப்புல வெச்சுட்டேன். வீட்ல ஒரு சத்தம் இல்ல மங்கை. யாரும் கூப்பிடல. கொஞ்ச நேரம் கழிச்சுக் குடிக்கலாம்னு உக்காந்தேன். அப்புறம் டிகாஷனைக் கொட்டிட்டு, முக்குக் கடைக்குப் போய் நின்னுக்கிட்டு ஒரு டீ குடிச்சேன்."

எனக்குக் கோபம் வந்தது. தம்பிக்கு ஒரு வருடம் போயிற்று, என் வீட்டுக்காரருக்கு வேலை போயிற்று, என்ன பெண் இவள் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே அவள் காலைப் பார்த்தேன். கோபம் எங்கே போய் உட்கார்வது என்று தெரியாமல் நின்றது. காபி குடிக்க ஆள் இருந்ததால்தான் அம்மா இத்தனை வருடமும் காபி போட்டாள் என்பது நாலு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கூடத்திலிருந்து அப்பா, வழக்கைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு, காபி என்று குரல் கொடுத்தார். கூடவே தேவநாதன் எனக்கும் என்றார். தம்பி சர்க்கரை கம்மியாக என்றான். நான் அரிசி டின்மேலிருந்து எழுந்து, பால் பாத்திரத்தைத் தேட ஆரம்பித்திருந்தேன்.

அம்மா நாற்காலியைவிட்டு எழாமலே என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"உன்னை யாருடீ கூப்பிட்டா?" என்றாள்.